தேங்காயை எடுத்த இடத்தில் எதை வைப்பது? கொலஸ்ட்ரால் சீட்டு கைக்கு வந்தவர்களுக்கு ஒரு சமையலறை வழிகாட்டி

அப்பாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்த அன்றே எங்கள் வீட்டில் முட்டை, சாளை (மத்தி) மீன், நெய், தேங்காய் நான்கும் நின்றுபோயின. நாகர்கோவில் பக்கத்து வீடொன்று மூன்று மாதம் தேங்காய் இல்லாமல் சமைப்பது லேசான காரியமல்ல. அம்மா அதைச் செய்தார். தேங்காய் அரைத்த குழம்புக்குப் பதிலாக ரசம் வந்தது. ரசம் என்றால் சோறு கூடுதலாக ஒரு கரண்டி இறங்கும். மீன் இல்லாத குறையை அப்பளம் தீர்த்தது. பசித்த நேரத்துக்கு முட்டை இல்லை, தேநீரில் நனைத்த ரஸ்க்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தார். கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்.டி.எல். 142-லிருந்து 128-க்கு இறங்கியிருந்தது. ஆனால் ரத்தத்தில் சுற்றும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 240-லிருந்து 285-க்கு ஏறிவிட்டது. நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எச்.டி.எல். 38 இருந்தது, 36 ஆகியிருந்தது. இவ்வளவு வாயைக் கட்டிய மனிதருக்கு அது பெரிய ஏமாற்றம்.

தவறு அவருடையது அல்ல. எதை நிறுத்துவது என்று எல்லோரும் சொன்னார்கள், அதற்குப் பதிலாக எதைச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லவில்லை. உணவுக் கொழுப்பைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: ஒரு கொழுப்பைக் குறைத்ததன் பலன், அதன் இடத்துக்கு எது வந்தது என்பதைப் பொறுத்தது. முதல்முறையாக இப்படி ஒரு சீட்டோடு உட்கார்ந்திருப்பவருக்காக, நாங்கள் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் சீட்டைப் படியுங்கள்

'லிப்பிட் புரொஃபைல்' சீட்டில் முக்கியமான எண்கள் நான்கு. மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., டிரைகிளிசரைடு. பொதுவாகச் சொல்லும் அளவுகள் (டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்): மொத்தம் 200-க்குள், எல்.டி.எல். 100-க்குள், டிரைகிளிசரைடு 150-க்குள், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு மருத்துவர் எல்.டி.எல். இலக்கை இன்னும் கீழே வைப்பார்.

பல பரிசோதனைக் கூடங்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 1972-ல் வந்த இந்தச் சூத்திரத்துக்கு ஃப்ரீட்வால்ட் சூத்திரம் என்று பெயர். அப்பாவின் முதல் சீட்டில் மொத்தம் 228. அதில் 38 போக, 240-ல் ஐந்தில் ஒரு பங்கான 48 போக, மிச்சம் 142. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்பக் கூடாது.

இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. டிரைகிளிசரைடு ஏறும்போது கழிக்கும் தொகையும் ஏறுவதால், எல்.டி.எல். குறைந்ததுபோலத் தோன்றலாம். அதனால் இன்னொரு எண்ணையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் வருவது 'எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால்'. ரத்தக் குழாயில் படியக்கூடிய வகைகள் எல்லாம் அதில் அடங்கும். அப்பாவுக்கு அது முதலில் 190, மூன்று மாதப் பத்தியத்துக்குப் பிறகு 185. கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றார். இந்த எண் 130-க்குள் இருப்பது நல்லது.

பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண் வாங்காதீர்கள். வழக்கமான சாப்பாட்டோடு போங்கள். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்த கையோடு எடுத்தால் எண்கள் மாறித் தெரியும், சில வாரங்கள் பொறுங்கள். டிரைகிளிசரைடு சரியாகத் தெரிய 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். தண்ணீர் குடிக்கலாம்.

கல்லீரலில் என்ன நடக்கிறது

நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. கல்லீரலுக்கு அதில் பெரிய பங்கு. ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். துகள்களைத் திரும்பப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி மாதிரி. மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் இதைக் கண்டறிந்து 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

தேங்காய் எண்ணெய், நெய் போன்றவற்றில் அதிகமுள்ள நிறைவுற்ற கொழுப்பு கூடினால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. துகள்கள் ரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன, எல்.டி.எல். ஏறுகிறது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றில் அதிகமுள்ள நிறைவுறாக் கொழுப்பு, குறிப்பாகப் பல நிறைவுறா வகை, அந்த இடத்துக்கு வந்தால் ஏற்பிகள் மறுபடி சுறுசுறுப்பாகின்றன. வனஸ்பதி மாதிரிப் பொருள்களில் வரும் டிரான்ஸ் கொழுப்பு இரண்டு பக்கமும் கெடுக்கிறது. எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்குகிறது என்பதை 1990-ல் நெதர்லாந்தில் மென்சிங்க், காட்டான் என்ற இருவர் காட்டினார்கள்.

எந்த எண்ணெயிலும் ஒரே ஒரு வகைக் கொழுப்பு மட்டும் இருப்பதில்லை. எல்லாம் கலவைதான், விகிதம்தான் வேறு. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றது. நெய்யில் 60-க்கு மேல். பாமாயிலில் பாதிக்குக் கொஞ்சம் முன்பின். கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நல்லெண்ணெயில் சுமார் 15, சூரியகாந்தியில் 11 சதவீதம். அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்பதில் நிறைவுற்றது அதிகம் என்பது ஒரு நல்ல கைக்கணக்கு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடப்பதையும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருப்பதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மளிகைச் சீட்டை எடுங்கள்

எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்விக்கு முன்னால், எவ்வளவு எண்ணெய் என்ற கேள்வி இருக்கிறது. ஒரு மாதம் எதையும் மாற்றாமல், வீட்டுக்குள் வந்த எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். மாதக் கடைசியில் கூட்டி, வீட்டிலுள்ள தலைகளால் வகுத்து, 30-ஆல் வகுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்.

நான்கு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் போனால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 38 கிராம். இது நிறைய. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டலில், 2,000 கலோரி சாப்பாட்டுக்கு எண்ணெயும் கொழுப்பும் சேர்த்து 27 கிராம் என்கிறது. நான்கு பேருக்கு மூன்றரை லிட்டர் போல. (இந்த நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. 1958-ல்தான் ஹைதராபாத் போனது.)

குறைக்க ஒரே வழி அளந்து ஊற்றுவது. பாட்டிலிலிருந்து நேரே வாணலியில் சாய்க்கும் கைக்கு அளவு தெரியாது. வாரத்துக்கான எண்ணெயைச் சின்னத் தூக்கில் ஊற்றிவைத்து, தேக்கரண்டியால் எடுத்துப் போடுங்கள். ஒரு தேக்கரண்டி நாலரை கிராம். தாளிக்க ஒன்று போதும், கடுகு வெடிக்கும். தோசைக்கு வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கிற பழைய வழக்கம் அருமையானது.

டால்டாவும் பேக்கரியும்

வனஸ்பதி என்றால் தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கியது. பாதியில் நிறுத்திய ஹைட்ரஜனேற்றத்தில்தான் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. உடம்புக்கு அதில் எந்தப் பயனும் இல்லை. தினக் கலோரியில் வெறும் 2 சதவீதம் டிரான்ஸ் கொழுப்பிலிருந்து வந்தாலே இதய நோய் வாய்ப்பு 23 சதவீதம் கூடுவதாக 2006-ல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. எனவே இதைக் குறைப்பது பற்றி யோசிக்க வேண்டாம், வீட்டுக்குள் விடாமல் இருந்தால் போதும்.

இந்தியாவில் 2022 ஜனவரி முதல், எண்ணெயிலும் கொழுப்பிலும் அவற்றால் செய்த உணவிலும் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனால் உறையில் டிரான்ஸ் கொழுப்பு பூச்சியம் என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். பிஸ்கட்டையும் பஃப்ஸையும் மொறுமொறுப்பாக்க ஏதாவது கெட்டிக் கொழுப்பு வேண்டும். வனஸ்பதி இருந்த இடத்துக்குப் பெரும்பாலும் பாமாயில் சார்ந்த கொழுப்பு வந்திருக்கிறது. அதனால் உறையின் பின்பக்கத்தில் நிறைவுற்ற கொழுப்பு என்ற வரியையும் சேர்த்துப் படியுங்கள். பொருள்களின் பட்டியலில் 'ஹைட்ரஜனேற்றப்பட்ட' என்ற சொல் இருந்தால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதும் இதோடு சேர்ந்த பிரச்சினைதான். கடைகளில் எண்ணெயின் கெட்ட அளவைக் காட்டும் 'போலார்' சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் வந்தது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கச் செலவழித்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வைக்காதீர்கள். அதற்கு நல்ல வழி, பொரிக்கும்போதே சின்ன வாணலியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரிப்பது.

இனி தேங்காய்

எங்கள் ஊர்க்காரர்களிடம் தேங்காயைப் பற்றிப் பேசுவதென்றால் கொஞ்சம் மரியாதையோடு பேச வேண்டும். தீயலும் அவியலும் துவரனும் இல்லாமல் எங்களுக்குச் சாப்பாடு இல்லை. ஆகவே நேராகவே சொல்கிறேன்: தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை ஏற்றும். 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020-ன் தொகுப்பாய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சராசரியாக 10 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றியது. எச்.டி.எல்.லையும் 4 ஏற்றியது. இந்த 4-ஐ வைத்து அந்த 10-ஐச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்க ஆதாரம் இல்லை. மருந்து கொடுத்து எச்.டி.எல்.லை ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை.

தேங்காய் எண்ணெயில் இருப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அது உடனே எரிந்துவிடும் என்றொரு வாதம் உண்டு. அப்படிச் சட்டென்று எரிவது இன்னும் குட்டையான வகைகள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு, அதில் பெரும்பகுதி மற்ற நீளமான கொழுப்புகள் போகிற வழியிலேயே போகிறது. செக்கில் ஆட்டினால் ஆபத்தில்லை என்பது இன்னொரு வாதம். செக்கெண்ணெய்க்கு மணமும் ருசியும் உண்டு, விதையிலுள்ள சில நல்ல சேர்மங்களும் மிஞ்சும். ஆனால் நிறைவுற்ற கொழுப்பின் விகிதம் அப்படியேதான் இருக்கும்.

சரி, நம் பாட்டன்மார் தேங்காயிலேயே வாழ்ந்தார்களே? இந்தக் கேள்விக்குப் பசிபிக் தீவுகளிலிருந்து நேர்மையான ஒரு பதில் உண்டு. டோக்கெலாவ் தீவினர் தங்கள் கலோரியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்தே பெற்றார்கள். புகாபுகா தீவினர் மூன்றில் ஒரு பங்கு. 1981-ல் வெளியான ஆய்வின்படி, அதிகம் தின்ற டோக்கெலாவ்காரர்களுக்குக் கொலஸ்ட்ரால் அதிகமாகவே இருந்தது. ஆனால் இரண்டு தீவிலும் இதய நோய் அபூர்வம். அவர்கள் சாப்பிட்டது முழுத் தேங்காயும் மீனும் கிழங்கும் பலாக்காய் போன்ற ஈரப்பலாவும். சர்க்கரை மிகக் குறைவு, பகல் முழுக்க உடலுழைப்பு. அந்த வாழ்க்கையிலிருந்து தேங்காயை மட்டும் பிரித்தெடுத்து, பரோட்டாவும் பிஸ்கட்டும் நாற்காலி வேலையும் உள்ள நம் நாளோடு சேர்த்துவிட்டு, அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இனி கணக்கு. நூறு கிராம் தேங்காய்ப் பருப்பில் 30 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளொன்றுக்கு 22 கிராம். காலை இட்லிக்குச் சட்னியில் 25 கிராம் தேங்காய் என்றால் அங்கேயே ஏழரை. ஆரஞ்சு உறைப் பாலில் நாள் முழுக்க 300 மில்லி காபி, டீயாகப் போனால் 11. சோற்றில் இரண்டு தேக்கரண்டி நெய் 6. எல்லை தாண்டியாகிவிட்டது, மதியக் கூட்டில் அரைத்துவிட்ட தேங்காயைச் சேர்க்கும் முன்னமேயே.

நாங்கள் செய்த மாற்றம் இது. சமையல் எண்ணெயாகத் தேங்காய் எண்ணெயை நிறுத்தினோம், கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வந்தன. தேங்காயை நிறுத்தவில்லை, நாளுக்கு ஒரு கறியில் மட்டும் என்று வைத்துக்கொண்டோம். சட்னி வாரத்தில் இரண்டு நாள் தேங்காய், மற்ற நாள் வேர்க்கடலை, எள்ளு, தக்காளி, கொத்தமல்லி. துவரனுக்குத் தேங்காய்ப்பூ பாதியாகக் குறைந்தது. தாளித்து இறக்கியபின் அரைத் தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே விட்டால் மணம் அப்படியே வரும். அவியலுக்கும் அதேதான். மணம் தருவதற்கு அரைத் தேக்கரண்டி போதும் என்பதை அம்மா ஒரு வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். தேங்காய்ப் பால் எடுத்துச் செய்வது மட்டும் பண்டிகைக்கு என்று ஒதுங்கியது. அதில் நார் சக்கையோடு போய்விடுகிறது, கொழுப்புதான் மிச்சம்.

பால், நெய், ரேஷன் பாமாயில்

பாலை மாற்றுவதுதான் இருப்பதிலேயே எளிய மாற்றம். ஆவினில் ஆரஞ்சு உறையில் கொழுப்பு 6 சதவீதம், நீல உறையில் 3. உறை மாறினால் அந்த 300 மில்லியில் மட்டும் நிறைவுற்ற கொழுப்பு ஐந்து கிராமுக்கு மேல் குறைகிறது. முதல் நான்கு நாள் காபி தண்ணீராகத் தெரியும். டிகாஷனைக் கொஞ்சம் கெட்டியாகப் போடுங்கள்.

நெய்யை ருசிக்காகப் பருப்புச் சோற்றில் ஒரு சொட்டு விடுவதற்கும், நெய் ரோஸ்ட்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு தேக்கரண்டிக்கு நிறைவுற்ற கொழுப்பு 3 கிராம் என்று மனதில் வைத்துக்கொண்டு, அன்றைய 22-ல் கழித்துக்கொள்ளுங்கள்.

பாமாயில் பற்றிப் பேசும்போது எனக்குத் தயக்கம் உண்டு. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் எத்தனையோ வீடுகளின் அடுப்பை ஓட்டுகிறது. அதை வாங்காதீர்கள் என்று எழுதுவது நியாயமில்லை. அதையே வைத்து என்ன செய்யலாம் என்றால், முதலில் அளவு. பிறகு தினத் தாளிப்புக்கு மட்டுமாவது கால் லிட்டர், அரை லிட்டர் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வாங்கமுடிந்தால் நல்லது. பாமாயில் எப்போதாவது பொரிக்க இருக்கட்டும். வனஸ்பதியோடு ஒப்பிட்டால் பாமாயில் எவ்வளவோ மேல்.

அப்படியானால் எந்த எண்ணெய்?

ஒரே எண்ணெயில் எல்லாம் கிடைக்காது. நம் ஊர் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் உண்மையிலேயே நல்ல தேர்வுகள். நல்லெண்ணெயில் ஒற்றை நிறைவுறா வகையும் பல நிறைவுறா வகையும் ஏறக்குறைய சமபங்கு. கடலை எண்ணெயில் ஒற்றை நிறைவுறா வகை கிட்டத்தட்ட பாதி, சூட்டையும் தாங்கும். தவிட்டு எண்ணெயில் கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒரைசனால் என்ற சேர்மம் இருக்கிறது. சூரியகாந்தியில் பல நிறைவுறா வகை 60 சதவீதம் அளவில், எல்.டி.எல்.லை இறக்கும், ஆனால் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் சீக்கிரம் கெடும். இவற்றில் ஏதாவது இரண்டை வைத்து மாற்றி மாற்றிப் புழங்குங்கள். ஆலிவ் எண்ணெய்க்குக் கடன் வாங்க வேண்டாம்.

இவை எதிலும் போதிய அளவு இல்லாதது ஒமேகா-3 என்ற பல நிறைவுறாக் கொழுப்பு வகை. அதற்கு மீன், ஆளி விதை, கடுகு எண்ணெய், வால்நட் ஆகியவைதான் வழி.

எண்ணெய்ப் பாட்டிலில் பெரிதாக 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் குறிப்பிடும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. தேங்காய் எண்ணெயிலும் இல்லை, பாமாயிலிலும் இல்லை.

முட்டை? ஒரு மஞ்சள் கருவில் 190 மில்லிகிராம் போலக் கொலஸ்ட்ரால் இருந்தாலும் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். சாப்பாட்டில் கொலஸ்ட்ரால் கூடும்போது பெரும்பாலோருக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. சிலருக்கு அப்படிக் குறைவதில்லை, அவர்களுக்கு எண் ஏறும். பொதுவாக நாளுக்கு ஒரு முட்டை பிரச்சினையில்லை. சர்க்கரையோ மிக உயர்ந்த எல்.டி.எல்.லோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இறாலும் இதே கதைதான், பொரிக்காதவரை. ஆட்டுக்கறியில் வெள்ளையாகத் தெரியும் கொழுப்பை வெட்டிவிடுங்கள், கோழியில் தோலை உரித்துவிடுங்கள்.

சோற்றுப் பானை

அப்பாவின் இரண்டாவது சீட்டைக் கெடுத்தது இதுதான். நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அந்தக் கலோரியை வெள்ளைச் சோறு, மைதா, சர்க்கரையால் நிரப்பினால் எல்.டி.எல். கொஞ்சம் இறங்கும், கூடவே எச்.டி.எல்.லும் இறங்கும், டிரைகிளிசரைடு ஏறும். மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. மதுவும் டிரைகிளிசரைடை ஏற்றும்.

நம் ஜனங்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுத்து 2014-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) INDIAB ஆய்வில், நூற்றுக்கு 72 பேருக்கு எச்.டி.எல். குறைவு, சுமார் 30 பேருக்கு டிரைகிளிசரைடு அதிகம். எல்.டி.எல். அதிகம் இருந்தவர்கள் 12 பேர்தான். கொழுப்பை மட்டும் எதிரியாகப் பார்க்கும் பத்தியம் நமக்கு ஏன் சரிவராது என்பதற்கு இந்த எண்களே போதும்.

தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதிக் கால் பயறோ மீனோ முட்டையோ என்று வைத்துப் பாருங்கள். சோற்றை முதலில் குவித்துவிட்டுப் பிறகு காய்க்கு இடம் தேடினால் நடக்காது. காயை முதலில் வையுங்கள். காபியில் சர்க்கரையை வாரத்துக்குக் கால் தேக்கரண்டி வீதம் குறையுங்கள்.

சேர்க்க வேண்டியவை

கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே அனுப்புகிறது. பித்த அமிலத்தைத் திரும்பச் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார் நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் இறங்கும், அதற்கு 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். ஓட்ஸ் பிடிக்காதவர்களுக்குப் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கொய்யா, ஊறவைத்த வெந்தயம் எல்லாம் உண்டு.

டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 2003-ல் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் இவற்றோடு நம் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் அந்த உணவில் இருந்தன. ஒரு மாதத்தில் எல்.டி.எல். ஏறத்தாழ 29 சதவீதம் இறங்கியது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எடுத்த குழுவுக்கு 31. அப்புறம் 2011-ல், சாப்பாட்டைக் கையில் கொடுக்காமல் ஆலோசனை மட்டும் சொல்லி அனுப்பியபோது இறக்கம் 13 சதவீத அளவில் நின்றது. வீட்டுச் சமையலில் நாமும் 10 சதவீதத்தை ஒட்டி எதிர்பார்த்துத் தொடங்குவதுதான் சரி.

ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவித்தோ வறுத்தோ, ரஸ்க்கின் இடத்துக்கு வரட்டும். மீன் சாப்பிடுகிறவர்கள் சாளை, அயிலை (கானாங்கெளுத்தி), நெத்திலியை வாரம் இரண்டு முறையாவது குழம்பாகச் சாப்பிடுங்கள். விலையும் குறைவு, ஒமேகா-3-யும் நிறைய. அப்பா நிறுத்திய முதல் பட்டியலில் சாளை இருந்ததை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. நிறுத்தவே கூடாத மீன் அது.

மறுபடி ரத்தம் கொடுக்கும் நாள்

மாற்றம் தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அதே பரிசோதனைக் கூடத்தில் எடுங்கள். அப்பாவின் மூன்றாவது சீட்டில் மொத்தம் 192, எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 165, எல்.டி.எல். 119. எச்.டி.எல். அல்லாதது 185-லிருந்து 152-க்கு வந்திருந்தது. அவருக்கு ரத்த அழுத்தமும் இருப்பதால் மருத்துவர் மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். சாப்பாடு சரியாகிவிட்டதே, மாத்திரை எதற்கு என்று அப்பா கேட்டார். இரண்டும் வேண்டும் என்றார் மருத்துவர், அவர் சொன்னது சரி. ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுக்கிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தவே வேண்டாம்.

எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால் மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். அது குடும்பத்தில் இறங்கி வருவதாக இருக்கலாம். 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு இருக்கிறது, பெரும்பாலும் எல்.டி.எல். ஏற்பிகளின் மரபணுவிலேயே பழுது. கண்ணிமையோரம் மஞ்சள் திட்டோ, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் தடிப்போ தெரிந்தால் சொல்லுங்கள். அப்பா வழியிலோ அம்மா வழியிலோ ஆண்களில் 55, பெண்களில் 60 வயதுக்குள் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அப்படியிருந்தால் பிள்ளைகளுக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும். எண் திடீரென்று ஏறியிருந்தால் தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்.டி.எல். ஏறும், அதை எந்த எண்ணெயை மாற்றியும் இறக்க முடியாது.

போகும்போது பழைய சீட்டுகளையும், மாத எண்ணெய்க் கணக்கு எழுதிய தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.